அந்த நேர்முகத்தில் நீ தோற்கவில்லை

மகனே,

இரண்டு வருடமாக வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். போதும். போன செவ்வாய்க்கிழமை நீ வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சவுதி வேலையைப் பற்றிச் சொன்னபோது நான் அறைக்குள் படுத்திருந்தேன். தூங்கவில்லை. “மூணு வருஷ கான்ட்ராக்ட்மா. அடுத்த சனிக்கிழமை ஏஜெண்ட் ஆபீஸ்ல போய் சைன் பண்ணணும்” என்றாய். “அந்த கம்ப்யூட்டர் வேலைக்கு இன்னொரு தரம் போட்டுப் பாக்கலாம்லா தம்பி” என்று அம்மா கேட்டாள். அதற்கு நீ சிரித்தாய். “விடுங்கம்மா. அதுக்கு எனக்கு மூளை பத்தாது. அந்த இன்டர்வியூலயே தெரிஞ்சுபோச்சு. நர்ஸ்னா நர்ஸாவே இருந்துட்டுப் போறேன்.” அந்தச் சிரிப்பு ஐந்து நாட்களாக என்னைச் சாப்பிட விடவில்லை.

சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் வைத்தால் அதற்குள் எனக்குத் தைரியம் போய்விடும். நீ அந்த நேர்முகத்தில் தோற்கவில்லை. வந்தவர்களில் நீதான் முதல். உன்னை எடுக்க வேண்டாம் என்று சொன்னது நான். எப்படிச் சொன்னேன், ஏன் சொன்னேன் என்பதை நீ சனிக்கிழமை அந்தக் காகிதத்தில் பேனாவை வைப்பதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டும். சவுதிக்குப் போவதானால் போ. ஆனால் மூளை இல்லை என்று நினைத்துக்கொண்டு போகாதே. இந்தக் கடிதத்தை அம்மாவிடம் காட்டலாம், நீ கட்டிக்கொள்ளப்போகிறவளிடம் காட்டலாம், யாரிடம் வேண்டுமானாலும் காட்டலாம். மறைத்து வைக்கச் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

என் கசப்பு உனக்குத் தெரியும். அது எங்கே ஊறியது என்பதை நான் முழுதாக உன்னிடம் சொன்னதில்லை. சீனியர் கேம்பிரிட்ஜில் முதல் தரத்தில் தேறியவன் நான். செம்பவாங் கடற்படைத் தளத்தில் ஸ்டோர்ஸ் கிளார்க்காகப் பதினோரு வருடம் இருந்தேன். வெள்ளைக்காரன் தளத்தை மூடிக்கொண்டு போனபோது கையில் ஒரு நற்சான்றிதழைக் கொடுத்துவிட்டுப் போனான். அதன் பிறகுதான் ராபின்சன் ரோட்டிலிருக்கும் இந்தக் கப்பல் ஏஜென்சிக்கு வந்தேன். கணினிப் பிரிவு என்று பெயர். எனக்குக் கிடைத்தது ஒரு ஜன்னல். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குளிரூட்டிய அறையில் கணினி, இந்தப் பக்கம் நான். உள்ளிருந்து வரும் அச்சுத்தாள் கட்டுகளைப் பிரித்து வந்து கேட்பவர்களிடம் கொடுக்க வேண்டும். பதினான்கு வருடம் அதைச் செய்தேன். உள்ளே போக மூன்று முறை மனுப் போட்டேன். முதல் முறை அனுபவம் இல்லை என்றார்கள். இரண்டாம் முறை டிப்ளோமா இல்லை என்றார்கள். மூன்றாம் முறை வயதாகிவிட்டது என்றார்கள். இந்த மூன்று பதில்களுக்கும் நடுவில் நான் தகுதியாக இருந்த நாள் எது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. நான் வேலை சொல்லிக்கொடுத்தவர்கள் எனக்கு மேலே போனார்கள். அவர்களில் ஒருவன் ‘அங்கிள்’ என்று மரியாதையாகக் கூப்பிட்டுக்கொண்டே என் லீவு மனுவைத் திருப்பி அனுப்பினான்.

நேஷனல் சர்வீஸில் பட்டாளத்து வேலை முடித்து வந்ததும் நீ மின்னணுவியல் படிக்கிறேன் என்றாய். “வயர் இழுக்கிறதுக்கா உன்ன மிஷன் ஸ்கூல்ல போட்டேன்?” என்று கேட்டேன். நர்சிங் பயிற்சிக்கு விண்ணப்பப் படிவத்தை நானே வாங்கிவந்து, பாதியை நானே நிரப்பினேன். அரசாங்க வேலை, பயிற்சியிலேயே சம்பளம், தங்குவதற்கு ஹாஸ்டல் என்று உன் அம்மாவிடம் அடுக்கினேன். அதெல்லாம் பொய்யில்லை. ஆனால் நீ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய்விடுவாய் என்ற பயமும் அதில் இருந்தது. அப்போது அது எனக்கே தெரியாது, இப்போது தெரிகிறது. நீ எதிர்த்துப் பேசாமல் போனாய். நல்ல நர்ஸ் ஆனாய். உன் வார்டில் படுத்திருந்த ஒரு பெரியவர் நம் மாதா கோவில் வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, “உங்க மகன் ஊசி போட்டா எறும்பு கடிச்ச மாதிரிகூடத் தெரியாதுங்க” என்றார். நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். வீட்டில் உன்னிடம் சொல்லவில்லை.

பிறகு நீ யாரிடமும் கேட்காமல் சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் ஒரு கடை மாடியில் நடந்த கணினி வகுப்பில் சேர்ந்தாய். வார்டு வேலை முடிந்து சீருடையோடே போவாய். விடுமுறை நாட்களில் புக்கிட் மேரா வீட்டுக்கு வந்தால் சாப்பாட்டு மேசை முழுக்கக் கறுப்புக் கேபிள் துண்டுகள். ஜாலான் புசார் பக்கம் ஒரு கடையில் வாங்கிய இடுக்கியை வைத்துக்கொண்டு, கேபிள் நுனியில் உலோகத் தலையைப் பொருத்திப் பழகிக்கொண்டிருப்பாய். ஒருநாள் நான் கேலியாக, “ஆஸ்பத்திரியில பாக்குற ட்யூப் பத்தாதுன்னு இங்கயும் ட்யூபா?” என்றேன்.

“ட்யூப் மாதிரிதான்பா. உள்ள ஓடுறதுதான் வேற” என்றாய். “உக்காருங்க, காட்டுறேன்.”

நான் உட்கார்ந்தேன். மேல்தோலைச் சீவுவது, உள்ளிருக்கும் பின்னலை மடிப்பது, நடுவிலிருக்கும் செம்புக் கம்பியில் கத்தி படாமல் பார்ப்பது எல்லாம் காட்டினாய். “இந்த நடுக்கம்பி கொஞ்சம் வெளிய எட்டிப் பாக்கணும்பா. ரொம்பப் பாத்துறக் கூடாது.”

“உங்கம்மா ஜன்னல்ல நின்னு பக்கத்து வீட்டப் பாக்குற மாதிரியா?”

அடுப்படியிலிருந்து அம்மா, “அவங்களும்தான் இங்க பாக்குறாங்க. நான் மட்டுமா?” என்றாள். நீ சிரித்துக்கொண்டே இடுக்கியை என் கையில் கொடுத்தாய். ஒரே கேபிள் ஒரு மாடி முழுக்கக் கணினி கணினியாகப் போகும் என்றும், இரண்டு முனையிலும் சிறிய மூடி இருக்கும் என்றும், நடுவில் எங்கே கழன்றாலும் மாடி மொத்தமும் நின்றுவிடும் என்றும் விளக்கினாய். நான்கைந்து ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் ஒழுங்காகத் தலை பொருத்தக் கற்றுக்கொண்டேன். என் வாழ்க்கையில் யாரும் எனக்கு அவ்வளவு பொறுமையாக எதையும் சொல்லித்தந்ததில்லை. அதை வைத்துத்தான் உன்னைக் கவிழ்த்தேன்.

எண்பத்தேழில் எங்கள் அலுவலக அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினார்கள். நெட்வொர்க் பயிற்சி டெக்னீஷியன், ஒரே ஓர் இடம். டிப்ளோமா கட்டாயமில்லை, வேறு துறையில் இருப்பவர்களும் மனுப் போடலாம். அதை உனக்குச் சொன்னவனே நான்தான். சொன்னபோது நல்ல மனதோடுதான் சொன்னேன், நம்பினால் நம்பு. அலுவலகத்தில் இருப்பவர்களும் போடலாம் என்று இரண்டு நாள் கழித்துத் தெரிந்தது. எனக்கு நாற்பத்தொன்பது வயது. இது கடைசி வாய்ப்பு என்று தோன்றியது. நானும் போட்டேன். வீட்டில் சொல்லவில்லை. நீ அம்மா இஸ்திரி போட்டுக் கொடுத்த சட்டையோடு நேர்முகத்துக்கு வந்துபோன அன்று, காலையிலேயே என் முறை முடிந்திருந்தது.

மறுநாள் மாலை மேலாளர் மிஸ்டர் செல்லத்துரை என்னை அறைக்குக் கூப்பிட்டார். அவர் யாழ்ப்பாணத்துக் குடும்பம். நம் ஆட்கள் மூட்டை தூக்கியபோது அவர்கள் மேசையில் உட்கார்ந்தார்கள் என்று தளத்துக் காலத்திலிருந்தே எனக்கு ஒரு புகைச்சல் உண்டு. அது இன்றும் முழுதாகப் போகவில்லை. ஆனால் இந்த மனிதர் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. அதையும் எழுதிவைக்கிறேன்.

“இரும்” என்று நாற்காலியைக் காட்டினார். “உம்மட மகன் கெட்டிக்காரப் பொடியன். ஒரு கேள்வி கேட்டனான், ஒரு மாடி முழுக்க நிண்டு போச்சு, முதலில என்ன செய்வீர் எண்டு. டிப்ளோமாக்காரங்கள் எல்லாரும் அதைக் கழட்டுவன், இதை மாத்துவன் எண்டாங்கள். இவன் ஒண்டையும் தொடமாட்டானாம். வார்டில ஒரு நோயாளிக்கு நாலு ட்யூப் போகுமாம். எதையும் கழட்ட முன்னம், பாட்டில்ல இருந்து கை வரைக்கும் விரலால பிடிச்சுக்கொண்டே போய், எது எங்க போகுது எண்டு பாத்த பிறகுதான் தொடுவாங்களாம். கேபிளையும் அப்பிடித்தான் பாப்பன் எண்டான். இத்தனை வருஷத்தில இப்பிடி ஒரு பதில் நான் கேக்கேல்லை.”

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நீரும் மனுப் போட்டிருக்கிறீர். உமக்கும் வேலை தெரியுது, தலை பொருத்திறது கச்சிதம். ஆனா இடம் ஒண்டுதான். நான் பொடியனை எடுக்கத்தான் நினைக்கிறன். நம்மட ஆக்கள் எண்டா தகப்பனைக் கேக்காமல் செய்யிறது சரியில்லை. அதுதான் கூப்பிட்டனான். நீர் என்ன சொல்றீர்?”

யோசித்துப் பார். வேறு யாராக இருந்தாலும் உனக்குக் கடிதம் அனுப்பியிருப்பார்கள். இவர் மரியாதைக்காக என்னைக் கேட்டார். நான் ‘சந்தோஷம் சார்’ என்று இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீ நடமாடுவதையும், இந்தப் பக்கம் நான் கட்டுப் பிரிப்பதையும், வருகிறவர்கள் எல்லாம் ‘உங்க மகனா?’ என்று கேட்பதையும் பார்த்தேன். என் வாய் தானாகத் திறந்தது.

“சார், ஒண்ணு சொல்லணும். வெளிய போகக்கூடாது. போன வருஷம் வார்டுல ஒரு பேஷண்டுக்கு மருந்த மாத்திக் குடுத்துட்டான். பெரிசா ஒண்ணும் ஆகல. மேட்ரன் நல்ல அம்மா, வெளிய தெரியாம பாத்துக்கிட்டாங்க. அவனுக்குக் கவனம் ஒரு இடத்துல நிக்காது.”

அப்படி ஒன்று நடக்கவே இல்லை. ஒரு நர்ஸைப் பற்றிச் சொல்லக்கூடிய மிக மோசமான பொய் எது என்று தேடி, அதைத் தேர்ந்தெடுத்துச் சொன்னேன். செல்லத்துரை உன் மனுவை எடுத்து இன்னொரு முறை படித்தார். “தகப்பன் வாயால வருது. நம்பாமல் இருக்கேலாது” என்று சொல்லிக் கோப்பை மூடினார்.

உனக்கு வந்த கடிதத்தில் இரண்டு வரிகள்தான் இருந்தன. வீட்டில் அதைப் படித்துவிட்டு, “ஏன்னு ஏதாச்சும் சொன்னாங்களாப்பா?” என்று கேட்டாய். அத்தோடு நான் நிறுத்தியிருக்கலாம். “மருந்து பாட்டில் கதையெல்லாம் சொன்னியாமே. ரூம்ல இருந்தவங்க சிரிச்சாங்களாம்” என்றேன். உன் முகம் எப்படி ஆனது என்பது எனக்கு நினைவிருக்கிறது.

“அவங்க கேட்டாங்கப்பா. தெரிஞ்சத சொன்னேன்.”

“கேட்டா? ஆஸ்பத்திரி வேற, ஆபீஸ் வேற லா.”

கடிதத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டாய். அடுத்த வாரம் வகுப்புக்குப் போவதை நிறுத்திவிட்டாய் என்று அம்மா சொன்னாள். அந்த இடத்துக்கு என்னை உள்ளே மாற்றிவிட்டார்கள் என்று நான் வீட்டில் சொன்னபோது நீ கோபப்படுவாய் என்று எதிர்பார்த்தேன், அதற்குச் சில பதில்களும் தயாராக வைத்திருந்தேன். நீயோ அந்த இடுக்கியைப் பழைய செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தாய். “உங்களுக்கு உதவும்பா. கைப்பிடி கொஞ்சம் டைட்டா இருந்துச்சு. எண்ணெய் போட்டிருக்கேன்” என்றாய். நான் வாங்கிக்கொண்டேன். வாங்கிக்கொண்டவன் எப்படிப்பட்டவன் என்பதை உன் தீர்ப்புக்கே விடுகிறேன்.

எட்டு மாதம் அந்த வேலையில் இருந்தேன். மற்றவர்களின் மேசைக்கு அடியில் தவழ்ந்தேன். “அங்கிள், கீழ என்ன தேடுறீங்க, பென்ஷனையா?” என்று கணக்குப் பிரிவில் இருந்த ஒரு பெண் ஆங்கிலத்தில் கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். தலை பொருத்துவதில் குறை சொல்ல முடியாது, அது நீ கற்றுத்தந்தது. ஆனால் ஒரு வியாழக்கிழமை முற்பகல், இரண்டு கப்பல்களுக்கான சரக்குப் பட்டியல்கள் அச்சாகிக்கொண்டிருந்த நேரத்தில் நான்காம் மாடி மொத்தமும் நின்றுவிட்டது. முப்பது பேர் எழுந்து நின்று என்னைப் பார்த்தார்கள். சும்மா பார்த்துக்கொண்டு நின்றால் ஒன்றும் தெரியாதவன் என்று நினைப்பார்களே என்று நான் கைக்கு வந்ததைக் கழற்ற ஆரம்பித்தேன். ஒன்றைக் கழற்றினேன், அது இல்லை. இன்னொன்றைக் கழற்றினேன். எது எங்கே இருந்தது என்று மறந்துபோய், முனையில் இருக்க வேண்டிய மூடியை நடுவில் மாட்டினேன். மூன்றாம் மாடியும் நின்றது. கப்பல்காரர்கள் போனில் கத்துவது அறைக்கு வெளியே கேட்டது.

செல்லத்துரை வந்தார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. கழுத்துப்பட்டியைத் தோளுக்குப் பின்னால் தூக்கிப் போட்டுக்கொண்டு முட்டி போட்டார். முதல் மேசையில் கேபிளை இரண்டு விரலால் பிடித்தார். பிடித்த விரலை எடுக்காமல் மேசை மேசையாக, அலமாரிக்குப் பின்னாலும் சுவரோரமாகவும் தவழ்ந்துகொண்டே போனார். யாரோ காலையில் ஓர் அலமாரியை நகர்த்தியிருக்கிறார்கள், அதன் பின்னால் ஓர் இணைப்பு தளர்ந்திருந்தது. அதை இறுக்கி, நான் கலைத்து வைத்ததையும் ஒழுங்காக்கிவிட்டு எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டே, “இது நான் ஒரு நர்ஸிட்டப் படிச்சது” என்று சுற்றி நின்றவர்களிடம் வேடிக்கையாகச் சொன்னார். என்னைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை. அவருக்கு உண்மை தெரியாது. அடுத்த மாதம் என்னைப் பழையபடி ஜன்னலுக்கு அனுப்பினார்கள். அந்த இடம் ஒரு டிப்ளோமாக்காரனுக்குப் போனது. உனக்கும் இல்லை, எனக்கும் இல்லை.

அந்த வருடம் ஈஸ்டருக்கு முந்தின தவசு காலத்தில் பாவசங்கீர்த்தனம் செய்தேன். நடந்ததையெல்லாம் சாமியாரிடம் சொன்னேன். “மகன்கிட்ட சொன்னீங்களா?” என்று கேட்டார். இல்லை என்றேன். “அப்ப பாதிதான் சொல்லியிருக்கீங்க” என்றார். ஜெபமாலை சொல்லச் சொன்னார், சொன்னேன். அது சுலபமாக இருந்தது. மீதிப் பாதியைச் சொல்லாமல் காலத்தை ஓட்டினேன்.

இப்போது அவசரத்துக்குக் காரணம் சொல்கிறேன். நீ வந்துபோனதற்கு இரண்டு நாள் கழித்து, இந்த வியாழக்கிழமை, செல்லத்துரை என் ஜன்னலுக்கு வந்தார். “அந்த டிப்ளோமாக்காரன் வேற இடத்துக்குப் போறான். திரும்பப் பலகையில போட்டிருக்கு, வாற வெள்ளியோட முடியுது. உம்மட பொடியன் இன்னும் ஆஸ்பத்திரியிலதானோ? அந்த மருந்து விஷயம் பழசு. மனுசன் எண்டா ஒருக்காப் பிழை விடுவான்தானே” என்றார். நீ செய்யாத பிழையை அவர் இரண்டு வருடம் கழித்து மன்னிக்கிறார். அதை மறுத்துச் சொல்ல எனக்கு அதைவிட நல்ல நேரம் வந்திருக்க முடியாது. “சவுதிக்குப் போறான் சார். சைன் பண்ணியாச்சு” என்றேன். நீ இன்னும் சைன் பண்ணவில்லை என்பது எனக்குத் தெரியும். “ஓ, அப்பிடியோ” என்று போய்விட்டார். அன்று மாலை எம்.ஆர்.டி. ரயிலில் நின்றுகொண்டு வந்தபோதுதான், என்னை விட்டால் சாகும்வரை இப்படியேதான் சொல்லிக்கொண்டிருப்பேன் என்று விளங்கியது.

ஆகவே கேள். மனுப் போடு. எங்கள் அலுவலகத்தில் போட உனக்கு அருவருப்பாக இருந்தால் வேறு எங்காவது போடு. ஷெண்டன் வேயில் வங்கி வங்கியாகக் கேபிள் இழுத்துக்கொண்டிருக்கிறார்கள், ஹோட்டல்களிலும் இழுக்கிறார்கள், ஆள் போதவில்லை. மனுவில் நர்ஸ் வேலையைக் கீழே ஒரு மூலையில் ஒளிக்காதே, மேலே எழுது. எதையும் கற்றுக்கொள்ளத் தயார் என்று எழுதாதே, எல்லாரும் அதைத்தான் எழுதுகிறார்கள். நீயே தலை பொருத்திய ஒரு முழம் கேபிளைப் பையில் கொண்டுபோய் மேசைமேல் வை. இடுக்கியை அம்மாவிடம் கொடுத்திருக்கிறேன், துருப்பிடிக்கவில்லை. கேள்வி கேட்டால் அந்த ட்யூப் பதிலையே சொல். யாரும் சிரிக்கவில்லை. சிரித்தார்கள் என்று சொன்னவன் அந்த அறையிலேயே இல்லை.

எடுத்துக்கொண்டால் அடிமட்டத்தில்தான் வைப்பார்கள். இருபத்தேழு வயதில் உன்னைவிடச் சின்னவர்கள் உனக்கு உத்தரவு போடுவார்கள், வார்டில் உனக்கிருக்கும் மரியாதை அங்கே இருக்காது, சம்பளமும் முதலில் குறையும். ஒரு வருடம் பொறுத்துக்கொள். முதல் வாரமே எந்தக் கேபிள் எந்த மேசைக்குப் போகிறது என்று படம் வரைந்து வை. யாரும் சொல்லாவிட்டாலும் வரை. ஒவ்வொன்றின் இரண்டு முனையிலும் பெயர் எழுதி ஒட்டு. ஏதாவது நின்றுபோனால், இன்று காலை யார் எதை நகர்த்தினார்கள் என்று கேள். குற்றம் சாட்டுகிறவன் குரலில் கேட்டால் ஒருவரும் சொல்ல மாட்டார்கள். நேற்று என்ன சாப்பிட்டீங்க என்று நோயாளியைக் கேட்பாயே, அந்தக் குரலில் கேள். தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று வாய்விட்டுச் சொல். அந்த வேலையில் என்னைக் கெடுத்தது அறியாமை இல்லை. முப்பது பேர் முன்னால் தெரியாதவனாக நிற்கப் பயந்தேன், அதுதான் கெடுத்தது. மூன்று முறை என் மனுவைத் தள்ளினார்களே, அது அநியாயம்தான். அதை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கப்போவதும் இல்லை. ஆனால் அந்த அநியாயத்தைத் தூக்கிவந்து உன் தலையில் இறக்கியது அவர்கள் இல்லை, நான்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. தலைவலி என்று சொல்லி நான் பூசைக்குப் போகவில்லை. அம்மா பூசை முடிந்து தேக்கா சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு வர நண்பகல் ஆகும். அதற்குள் முடித்துவிட வேண்டும் என்று எழுதுகிறேன். நாளை போட்டால் செவ்வாய்க்கிழமை உன் ஹாஸ்டலுக்கு வந்துவிடும். வெள்ளிக்கும் சனிக்கும் முன்னால் உனக்கு மூன்று நாள் இருக்கும்.

ஒரு விஷயம் பாக்கி. கீழே கையெழுத்துப் போடுவதா வேண்டாமா என்று அரைமணி நேரமாகப் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். போட்டால் இது சாட்சி ஆகிவிடும். நீ இதை எடுத்துக்கொண்டு செல்லத்துரை முன்னால் வைக்கலாம், நீ எந்த நோயாளிக்கும் மருந்து மாற்றிக் கொடுக்கவில்லை என்பது அவருக்குத் தெரியும், உன் பெயர் துடைக்கப்படும். எனக்கு ஓய்வுபெற இன்னும் நான்கு வருடம் இருக்கிறது. அந்த நான்கு வருடமும் அந்த ஜன்னலும் போய்விடும். மொட்டைக் கடிதம் எழுதுகிறவர்களை நான் எப்போதும் புழுவாகத்தான் நினைத்திருக்கிறேன். கையெழுத்து இல்லாவிட்டாலும் இதை நீ அவரிடம் கொண்டுபோகலாம், தடுக்க மாட்டேன். அவர் என்னைக் கூப்பிட்டு, ‘இது நீர் எழுதினதோ?’ என்று கேட்டால், ஆமாம் என்று சொல்வேனா என்பதை எண்ணிப் பார்த்தேன். நேர்மையாகச் சொல்கிறேன், எனக்குத் தெரியவில்லை. அது தெரியாதவன் இங்கே தன் பெயரை எழுதினால், உன்னிடம் சொன்ன பொய்களோடு அதுவும் ஒன்றாகச் சேரும். நாளைக் காலை வேலைக்குப் போகும் வழியில், பெயர் எழுதாமலேயே, இதைத் தபால் பெட்டியில் போடுகிறேன்.